முந்தாநாள் தேடியவர்

மணி சாயங்காலம் நாலு பத்து. மாட்டுப்பட்டிக்கு மேலே ஓர் எஸ்டேட் ரோடு. இரண்டு பக்கமும் தேயிலை, நடுவில் ஒரு ஜீப் போகிற அளவுக்குத் தார். ஆடி மழை. பனி இறங்கிவிட்டால் எதிரே நிற்பது பாறையா ஆனையா என்று தெரியாது... நின்று மூச்சுச் சத்தம் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். அந்த ரோட்டை ஓர் ஓடை குறுக்கே அறுத்துக்கொண்டு போகும். அதன்மேல் இரண்டு மரத்தடி போட்டு ஒரு பாலம். அந்தப் பாலத்தில்தான் அவள் போனாள்.

பொறுங்கள். முதலில் எல்லோரும் போனைக் கவிழ்த்து வையுங்கள். டின்டு, உனக்கும்தான் சொல்கிறேன். ரோட்டில் விழுந்து கிடக்கிற புளியமரத்தை அறுத்து எடுக்க விடிந்துவிடும். கோபாலபுரம் செக்போஸ்டில் இன்றைக்கு ஒரு லாரியும் நகராது. டீக்கடைக்காரர் மெழுகுவத்தி கொடுத்திருக்கிறார், அது போதும்.

இன்னொன்று. கதையில் வருகிற இரண்டு பேருடைய பேரை நான் மாற்றித்தான் சொல்வேன். போனவள் பேர், அவளைப் பற்றி எழுதினவன் பேர். நிஜப் பேர் என்ன என்று யாரும் கேட்கக் கூடாது. ஏனென்று கடைசியில் சொல்கிறேன்.

இது எனக்கு நடந்ததில்லை. பெருமாட்டியில் தென்னந்தோப்பு வைத்திருக்கிற மாரப்பனை உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும், என் கூட்டாளி. அவன் தங்கை மோனிஷாவை மூணாறில் கட்டிக் கொடுத்தார்கள். அந்த மாப்பிள்ளைக்கு நடந்தது. அவனுக்கு ரமேஷ்குமார் என்று வைத்துக்கொள்வோம். அவளுக்கு ராமுத்தாய்.

ராமுத்தாய் கொழுந்து பறிக்கிறவள். ஈரச்செடி உரசாமலிருக்க இடுப்பில் ஒரு பிளாஸ்டிக் தாள் கட்டியிருப்பாள். நடந்தால் சரக்... சரக்... என்று கேட்கும். அன்றைக்கு எடை போட்டுவிட்டு, பள்ளிக்கூடம் விட்டு வந்த மகளைக் கையில் பிடித்துக்கொண்டு பாலத்தில் ஏறினாள். பாதிப் பாலத்தில் மேலே காட்டுக்குள் ஏதோ உடைகிற சத்தம். வெள்ளம். ஒரு நொடிதான் இருந்தது. அந்த ஒரு நொடியில் மகளைத் தூக்கி அக்கரையில் எறிந்தாள். மகள் புல்லில் போய் விழுந்தாள், முழங்கையில் ஒரு சிராய்ப்போடு சரி. திரும்பிப் பார்த்தபோது பாலமும் இல்லை, தாயும் இல்லை. பதின்மூன்று நாள் தேடினார்கள். உடம்பு கிடைக்கவில்லை.

உடம்பு கிடைக்காமல் போனவர்களுக்கு அவர்கள் லயத்தில் ஒரு வழக்கம் உண்டு. லயம் என்றால் எஸ்டேட் ஆட்கள் குடியிருக்கிற வரிசை வீடுகள். வருஷம் திரும்புகிற அன்று வைக்கோலில் ஓர் உருவம் கட்டி, போனவர் துணியை அதற்குச் சுற்றி, பேரைச் சொல்லி ஒரே ஒரு தடவை கூப்பிடுவார்கள். வந்துட்டியா, இனிப் போ என்று சொல்லிக் கொளுத்துவார்கள். அதுவரைக்கும் அந்தப் பேரை யாரும் வாயில் எடுக்கக் கூடாது. எடுத்தால் எழுந்து வந்துவிடுமாம். வந்தால் திரும்பிப் போக வழி தெரியாதாம். அதனால் எழுபது வீட்டிலும் ராமுத்தாய் 'போனவ' ஆனாள். மகள் மாரீஸ்வரி மட்டும் அம்மா என்று சொல்லலாம். அது பேரில் சேராது.

ரமேஷ்குமாரும் அதே லயத்தில் பிறந்தவன்தான். அவன் அம்மா வேலைக்குப் போயிருக்கும்போது ராமுத்தாய் வீட்டில் கஞ்சி குடித்து வளர்ந்தவன். படித்தான், முன்னுக்கு வந்தான், நல்லது. மூணாறு சுற்றுலாவுக்கு ஒரு வெப்சைட் வைத்திருந்தான். எந்த இடம் பார்க்கலாம், எங்கே தங்கலாம், ஜீப் யாரிடம் கேட்கலாம், எல்லாம் அதில் இருக்கும். மாட்டுப்பட்டி ரோட்டில் ஒரு மாடி அறையில் மூன்று கம்ப்யூட்டர். அவன் தொழில் என்னவென்று மாரப்பனிடம் கேட்டேன். ஆள் கூட்டுகிற தொழில் என்றான். திருவிழாவில் ராட்டினக்காரன் கத்திக் கூட்டுவான், இவன் கத்தாமல் கூட்டுவான், அவ்வளவுதான் வித்தியாசம்.

அதில் ஒரு தொல்லை. மூணாறு என்று யாராவது தேடினால் இவன் பக்கம் முன்பெல்லாம் மேலே வரும். பெரிய ரிசார்ட்டுக்காரர்கள் இறங்கினதும் இவன் நாலாம் பக்கத்துக்குப் போய்விட்டான். நாலாம் பக்கம் வரைக்கும் யார் புரட்டுவார்கள்? பிணத்தை ஒளிக்க வேண்டுமானால் அங்கே ஒளிக்கலாம் என்று அவனே சிரிப்பானாம். கார்த்திகை மாதம், சீசன் தொடங்கும் நேரம், அவனுக்கு ஒரு யோசனை வந்தது. எல்லோரும் தேடுகிற வார்த்தையில் முட்டிக்கொண்டிருப்பதைவிட, யாருமே தேடாத ஒரு வார்த்தையை எல்லோரையும் தேட வைத்தால்?

ஒரு ரீல்ஸ் போட்டான். நாற்பது நொடி. பனி, தேயிலை, உடைந்த பாலம். அவன் குரல். 'இந்த லயத்தில் எழுபது வீடு. எழுபது வீட்டிலும் ஒரு பெண்ணின் பேரைச் சொல்ல மாட்டார்கள். பேர் ராமுத்தாய். தைரியம் இருந்தால் மூன்று தடவை தேடிப் பாருங்கள்.'

அந்தப் பேரைப் பற்றி உலகத்திலேயே அவன் ஒருவன்தான் எழுதியிருந்தான். தேடினவர்கள் எல்லோரும் நேரே அவன் பக்கத்தில் போய் விழுந்தார்கள். முதல் நாள் ஆயிரத்து நூறு பேர். மூன்றாவது ரீல்ஸ் போட்ட அன்று நாற்பதாயிரம். தேனி, கோயமுத்தூர், கொச்சி, துபாய், மலேசியா... எங்கெங்கேயோ உட்கார்ந்துகொண்டு முன்பின் தெரியாத ஆட்கள் ராமுத்தாய், ராமுத்தாய், ராமுத்தாய் என்று.

சரி, வந்தவர்கள் படிக்க என்ன எழுதியிருந்தான் தெரியுமா? பிழைத்தால் தான் மட்டும் பிழைக்கட்டும் என்று ராமுத்தாய் தன் மகளையே தண்ணீரில் தள்ளினாளாம். ஓடை மகளை விட்டுவிட்டுத் தாயை இழுத்துக்கொண்டதாம். அதனால் இப்போதும் குழந்தைகளைத் தேடி அலைகிறாளாம். படிக்கச் சோம்பல்படுகிறவர்களுக்காக அதைத் தன் குரலிலேயே பதிவு செய்து, பக்கத்தின் மேலே ஒரு பொத்தான் வைத்தான். அழுத்தினால் பேசும். வெளியூர்க்காரன் இதைச் செய்திருந்தால் அறியாதவன் என்று விட்டுவிடலாம். இவன் அவள் கையால் கஞ்சி குடித்தவன்.

சீசனுக்கு வந்தவர்கள் லயத்தைத் தேடி வர ஆரம்பித்தார்கள். வாசலில் ஜீப்பை நிறுத்தி, போனை நீட்டி, பதினோரு வயதுப் பிள்ளையிடம் கேட்டார்கள், 'உங்கம்மா எந்தக் கையால தள்ளுனா?' மாரீஸ்வரி முதலில் பள்ளிக்கூடம் போவதை நிறுத்தினாள். பிறகு ஜன்னலில் சாக்கைக் கட்டினாள். பிறகு பேச்சையே நிறுத்திவிட்டாள்.

தை மாதம் ஒரு பகலில் ராமுத்தாயின் புருஷன் மொக்கையன் ரமேஷ்குமாரின் மாடிக்கு ஏறி வந்தான். செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு, உட்காராமல் நின்றான்.

"தம்பி, அவ பேர மட்டும் எடுத்துரு. மத்தது என்னமும் இருந்துட்டுப் போவட்டும்."

"அண்ணே, பேர எடுத்துட்டா அதுல ஒண்ணுமே இல்லண்ணே. பேருக்குத்தான் ஆளே வருது."

"எம்மவ வாயத் தொறந்து ஒரு மாசமாச்சுப்பா."

"அடியில கற்பனைக் கதைன்னு போட்டுர்றேன்ணே. போதும்ல?"

மொக்கையன் அந்த மூன்று கம்ப்யூட்டரையும் ஒவ்வொன்றாகப் பார்த்தான்.

"வருசம் திரும்ப இன்னும் ஆறு மாசம் கெடக்கு. நாங்க எழுவது வீடும் வாயப் பொத்திக்கிட்டுக் கெடக்கோம். நீ ஊரு ஒலகத்தையே கூப்புட வச்சுட்ட. அவளப் பத்தி ஒனக்குத் தெரியும்ல. காலையில பெரட்டுல ஆள் எடுக்கப் பேரு கூப்புட்டா, மொதக் கொரலுக்கே ஓடி வந்து நிப்பா. எந்த வேலையா இருந்தாலும் போட்டுட்டு வந்துருவா. நான் சொல்லிட்டேன், அம்புட்டுதான்."

சாபம் விடவில்லை. சத்தம் போடவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போய்விட்டான்.

சீசன் முடிந்தது. கூட்டம் வடிந்தது. வெப்சைட்டில் இந்த நிமிஷம் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று காட்டுகிற ஒரு திரை உண்டு. விடிகாலையில் பார்த்தால் அதில் சைபர் இருக்கும். தை கடைசியில் ஒரு விடிகாலை பார்த்தான், ஒன்று. மறுநாளும் ஒன்று. பகலில் முப்பது நாற்பது என்று ஏறும், இறங்கும். ஒன்றுக்குக் கீழே மட்டும் இறங்குவதேயில்லை. யாரோ ஒருவர் வந்து போகாமலே உட்கார்ந்திருந்தார். எல்லோருக்கும் பக்கத்தில் ஊர்ப்பேர் காட்டும். இந்த ஒன்றுக்கு அந்த இடம் காலி.

எந்திரமாக இருக்கும் என்று நினைத்தான். அந்தத் தொழிலில் ஆளுக்குப் பதில் எந்திரம் வந்து எண்ணிக்கையைக் கெடுப்பது சகஜமாம். ஆனால் எந்திரம் வந்த வேகத்தில் போய்விடும். இது போகவில்லை. என்னதான் செய்கிறது என்று நோண்டிப் பார்த்தான். படிக்கவே இல்லை... அந்தப் பேசும் பொத்தானை மட்டும் அழுத்தியிருக்கிறது. இரண்டு நிமிஷம் நாற்பது நொடி வரை கேட்கிறது. நிறுத்துகிறது. பின்னால் போகிறது. மறுபடி கேட்கிறது. அந்த இடத்தில் என்ன வரி என்று அவன் போட்டுப் பார்த்தான். அவன் குரல்தான். 'தன் மகளையே தண்ணீரில் தள்ளினாள்.' அந்த ஒரு வரியை ஒரே நாளில் நூற்றுப் பதினேழு தடவை.

ராமுத்தாய்க்குப் படிக்கத் தெரியாது. கைநாட்டு.

இன்னொரு பட்டியலும் அவனுக்கு வரும். என்ன வார்த்தையைத் தேடி அவன் பக்கத்துக்கு வந்தார்கள் என்கிற பட்டியல். அதைப் பற்றி இரண்டு விஷயம் உங்களுக்குத் தெரிய வேண்டும். ஒன்று, ஒரே ஓர் ஆள் தேடினதை அது காட்டாது. ஆள் யாரென்று தெரியக்கூடாது என்று மறைத்துவிடும். இன்னொன்று, அது உடனுக்குடன் வராது. இரண்டு நாள் பிந்தித்தான் வரும். இன்றைக்குப் பார்த்தால் முந்தாநாள் தேடியதுதான் தெரியும். இந்த இரண்டாவதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அன்றைக்குப் பட்டியலைத் திறந்தான். மேலே வழக்கம்போல அவள் பேர், எண்ணூறு தடவை. கீழே இறக்கிக்கொண்டே போனான். கடைசி வரி. ஒரே ஒரு தடவை. பட்டியல் காட்டவே கூடாத வரி.

'என்னயக் கூப்புட்டது யாரு'

யாரோ விளையாடுகிறார்கள் என்று மூடிவிட்டான். மறுநாள் திறந்தான். கடைசி வரி. 'எம்புள்ளயத் தள்ளுனேன்னு சொன்னது யாரு'. அதற்கு மறுநாள், 'இந்தக் கொரலு நம்ம லயத்து ரமேசு கொரலு தான'. எழுத்துத் தெரியாதவர்கள் போனில் பேசித் தேடுவார்களே, அந்த மாதிரி. வீடு வீடாய் நின்று வழி கேட்கிற மாதிரி.

'ரமேசு இப்ப எங்க குடியிருக்கான்'

'மஞ்ச கேட்டு வீடா'

'நாயி கடிக்குமா'

அந்தக் கடைசி வரியைப் பார்த்துவிட்டு எழுந்து நேரே வீட்டுக்குப் போனான். பட்டப்பகல், வெயில் கூட இருந்தது. மஞ்சள் கேட்டைத் திறந்தான். அவன் வண்டிச் சத்தம் தெருமுனையில் கேட்டாலே குதிக்கிற நாய் குதிக்கவில்லை. ஜீப்புக்கு அடியில் படுத்திருந்தது. கண் திறந்திருந்தது. சோறு வைத்தால் தின்றது. குரைக்க மட்டும் இல்லை. மோனிஷா துணி மடித்துக்கொண்டே சொன்னாள்.

"ஏனுங்க, ரெண்டு நாளா சாயந்தரமானா கேட்டுகிட்ட சரக்குசரக்குன்னு ஒரு சத்தமுங்க. பிளாஸ்டிக் தாளு தேய்க்கறாப்ல. போய்ப் பாத்தா ஆரும் இல்லீங்க. பச்சைக் கொழுந்து வாசந்தான் அடிக்குது."

எந்த நேரத்தில் என்று கேட்டான். நாலு மணி, நாலேகால் இருக்கும் என்றாள்.

அன்றைக்கே அந்தப் பக்கத்தை அழித்தான். ரீல்ஸை எல்லாம் அழித்தான். அழித்து என்ன செய்ய? அதைப் பார்த்து இருநூறு பேர் தங்கள் பங்குக்குப் போட்டிருந்தார்கள். பேர் அவன் கையை விட்டுப் போய் எவ்வளவோ நாளாகிவிட்டது. வியர்வையைத் துடைத்துக்கொண்டு அந்த முதல் திரையைப் பார்த்தான். இன்னும் ஒன்று. பக்கமே இல்லாதபோது ஆள் எங்கே நிற்கிறது? பார்த்தான். வெப்சைட்டில் 'எங்களைப் பற்றி' என்று இன்னொரு பக்கம் இருக்குமல்லவா... அதில் நின்றது. அதில் அவன், மோனிஷா, நாலு வயதுப் பையன், மூவரும் மஞ்சள் கேட்டுக்கு முன்னால் சிரித்துக்கொண்டு எடுத்த போட்டோ. கீழே வீட்டுக்கு வழி காட்டும் படம்.

மறுநாள் மத்தியானம் கிளம்பிவிட்டார்கள். மறையூர், உடுமலைப்பேட்டை, பொள்ளாச்சி, பிறகு இதோ இந்த ரோடு. நாம் உட்கார்ந்திருக்கிற இந்தக் கடையைத் தாண்டித்தான் பெருமாட்டிக்குத் திரும்பினார்கள். மாரப்பன் தோட்டத்து வீடு. ரமேஷ்குமார் போனை அணைத்துப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டான். யாரிடமும் எங்கே போகிறோம் என்று சொல்லவில்லை. இரண்டு நாள் ஒரு சத்தமும் இல்லை. தென்னை மட்டை விழுகிற சத்தம், மோட்டார் ஓடுகிற சத்தம், அவ்வளவுதான். நன்றாகச் சாப்பிட்டான், தூங்கினான்.

அடுத்த நாள் சாயங்காலம் நாலு மணிக்கு வாய்க்கால் கரையில் உட்கார்ந்திருந்தான். மாசி மாதம். பாசனத்துக்குத் தண்ணீர் விட்டிருந்தார்கள், முழங்கால் அளவு. பையன் பக்கத்தில் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தான். மாரப்பன் நாற்பதடி தள்ளி மட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தான். இனி நான் சொல்வதெல்லாம் மாரப்பன் கண்ணால் பார்த்தது.

ரமேஷ்குமார் பீரோவிலிருந்து எடுத்து வந்த போனை ஆன் செய்தான். முதல் திரையைப் பார்த்தான். சைபர்.

"மச்சான், போயிருச்சு. இங்க பாருங்க, சைபர்."

வாய்விட்டுச் சிரித்தானாம். கல்யாணத்தன்று சிரித்த மாதிரி ஒரு சிரிப்பு. சிரித்துக்கொண்டே அந்தப் பட்டியலையும் திறந்தான். மாரப்பனுக்கு அங்கிருந்தே முகம் தெரிந்தது. சிரிப்பு அப்படியே நின்றுபோயிருந்தது, வாய் மட்டும் மூடவில்லை. எழுந்து வந்து போனை நீட்டினான். மாரப்பன் வாங்கிப் படித்தான்.

'உடுமலைப்பேட்ட வழியா போனாங்களா'

'கோபாலபுரம் தாண்டி எந்தப் பக்கம் திரும்பணும்'

'பெருமாட்டி மாரப்பன் தோட்டம் எது'

"இதுல என்னங்க மாப்ள? பக்கத்துல ஆருமே இல்லையின்னு சைபர் காட்டுதுங்களே."

"மச்சான், இது முந்தாநாளு தேடுனது." போனைத் திரும்ப வாங்கிக்கொண்டான். அவன் குரல் கீழே போய்விட்டது. "இப்ப எதுக்குத் தேடப் போறா?"

அப்போது காய்ந்த மட்டையை யாரோ இழுக்கிற மாதிரி ஒரு சத்தம். சரக்... சரக்... மாரப்பன் கையில் மட்டை இல்லை. காற்றும் இல்லை. தென்னந்தோப்பு முழுக்கப் பச்சைத் தேயிலை வாடை, கொழுந்து மூட்டையை அவிழ்த்துக் கொட்டின மாதிரி. பெருமாட்டியில் தேயிலைக்கு எங்கே போக?

வாய்க்கால் பக்கமிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். கோபமாக இல்லை. இந்த வரிசையில் கொழுந்து பறிப்பவள் அடுத்த வரிசைக்குக் கேட்கிற மாதிரி, கொஞ்சம் இழுத்து.

"ரமேசூ..."

ஒரே தடவை. பேர் கூப்பிட்டால் முதல் குரலுக்கே பதில் சொல்ல வேண்டும் என்று லயத்தில் வளர்ந்த பிள்ளைகளுக்குப் பழக்கம். காலையில் ஆள் எடுக்கிற பெரட்டில் தாய்தகப்பன் பக்கத்தில் நின்று பார்த்த பழக்கம். அவன் யோசிக்கவே இல்லை.

"வந்துட்டேன்க்கா" என்றபடி வாய்க்காலைப் பார்த்து நடந்தான்.

மாரப்பன் திரும்பிப் பையனைப் பார்த்தான். பையன் உட்கார்ந்திருந்த இடம் காலி. ஓடினான். நாற்பதடி ஓட எவ்வளவு நேரம் ஆகும்? பையன் அக்கரையில் நின்றுகொண்டிருந்தான். வாய்க்கால் பத்தடி அகலம். பையன் மேல் ஒரு சொட்டு ஈரம் இல்லை. முழங்கையில் மட்டும் லேசாக ஒரு சிராய்ப்பு. திரும்பிப் பார்த்தான், ரமேஷ்குமார் இல்லை. கரையில் போன் கிடந்தது. அழித்துப் போட்ட அந்தப் பக்கத்தின் குரல் அதில் ஓடிக்கொண்டிருந்தது. 'தன் மகளையே தண்ணீரில் தள்ளினாள்... தன் மகளையே தண்ணீரில் தள்ளினாள்...'

மாரப்பன் தண்ணீரில் இறங்கிப் பையனைத் தூக்கிக்கொண்டான். பையன் அழவில்லை.

"மாமா, அந்த அத்தை என்னயத் தள்ளல. தூக்கி இந்தப் பக்கம் விட்டாங்க" என்றான்.

போலீஸ் வந்தது. மடையை அடைத்து வாய்க்காலை வடிய வைத்தார்கள். முழங்கால் தண்ணீரில் ஆள் எங்கே போகும்? இரண்டு செருப்பு கிடைத்தது. பதின்மூன்று நாள் தேடினார்கள். உடம்பு கிடைக்கவில்லை.

நியாயமா என்று கேட்டால், நான் நியாயம்தான் என்பேன். குழந்தைக்கு அவள் ஒரு கெடுதலும் செய்யவில்லை பாருங்கள், எறிந்தது கூட அலுங்காமல் எறிந்திருக்கிறாள். ஆடியில் வருஷம் திரும்பியது. மொக்கையன் வைக்கோல் உருவம் கட்டினான், ஒரே தடவை கூப்பிட்டான், கொளுத்தினான். நெருப்பு அணைகிற நேரத்தில் மாரீஸ்வரி அம்மா என்று வாய்விட்டு அழுதாளாம். ஏழு மாசத்துக்குப் பிறகு அவள் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு அது. இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். அவள் கணக்கு அதோடு தீர்ந்தது.

அவன் கணக்குத் தீரவில்லை. பேய்க் கதை எழுதினவன் மாயம் என்று யாரோ ஒரு ரீல்ஸ் போட்டார்கள். தேடிப் பாருங்கள் என்று அவன் பேரையும் போட்டார்கள். இப்போது ஊர் முழுக்க அவனைத் தேடுகிறது. மாரப்பன் அந்த வெப்சைட்டையே இழுத்து மூடிவிட்டான். ஆனாலும் தினம் அந்தப் பட்டியல் வருகிறது, கடைசியில் ஒரு தடவை தேடின ஒரு வரியோடு. 'மோனிஷா எங்க இருக்கா'. 'எங்க வீட்டுக்கு எப்படிப் போறது'. மோனிஷாவும் பையனும் இப்போது எந்த ஊரில் என்று மாரப்பன் எனக்குக் கூடச் சொல்வதில்லை. ரமேஷ்குமாருக்கு உருவம் கட்டிக் கொளுத்த மாசி வர வேண்டும். இப்போது ஐப்பசி.

என்ன டின்டு, போன் கவிழ்ந்துதானே இருக்கிறது? நல்லது.

பேரை ஏன் மாற்றினேன் என்று சொல்கிறேன் என்றேன் அல்லவா. முந்தாநாள் ராத்திரி இதே கடையில், இதே பெஞ்சில், வேறு நாலு பேருக்கு இந்தக் கதையைச் சொன்னேன். சுவாரஸ்யத்தில் ஒரே ஓர் இடத்தில் அவன் நிஜப் பேர் வாயில் வந்துவிட்டது. இன்றைக்கு மத்தியானம் மாரப்பன் கூப்பிட்டான். பட்டியல் வந்திருக்கிறது என்றான். முந்தாநாள் தேதி. கடைசி வரியை எனக்குப் படித்துக் காட்டினான்.

'கோபாலபுரம் டீக்கடையில என்னயக் கூப்புட்டது யாரு'

அதற்கு மேலேயே இன்னொரு வரியாம். 'அவன் வீடு எது'.

என் வீடு இங்கிருந்து நாலு கிலோமீட்டர். மரம் விழுந்தது பொள்ளாச்சிப் பக்கம், என் வழியில் இல்லை. நான் எப்போதோ போயிருக்கலாம். நீங்கள் இத்தனை பேர் இருக்கிறீர்களே என்றுதான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன். மத்தியானமே என் வீட்டுக்காரியை அவள் அம்மா வீட்டுக்குப் போகச் சொல்லி பஸ் ஏற்றிவிட்டேன். காரணம் சொல்லவில்லை. ஜன்னல் ஓரம் உட்கார்ந்துகொண்டு அவளாகத்தான் சொன்னாள்.

"ஏனுங்க, முந்தாநேத்திருந்து நம்ம நாயி கொரைக்கவே இல்லீங்களே. என்னன்னு பாத்தீங்களா?"